திரைச் சித்திரங்களுக்குத் தாளம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டித் தெற்கே போகிறவர்களுக்கு, மாமல்லபுரத்தை எட்டுவதற்கு முன்பே எதிர்ப்படும் ஊர் திருவிடந்தை. நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாக விளங்குவதும் திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்றதுமான இந்த ஸ்தலத்தில் கோயில் கொண்டிருக்கும் பெருமாளுக்கு நித்திய கல்யாணப் பெருமாள் என்ற திருநாமம் அமைந்ததற்கு ஓர் ஐதிகம் சொல்லுகிறார்கள். காலவ முனிவருடைய புத்திரிகள் 360 பேரையும் நாளுக்கு ஒருத்தியாக ஓர் ஆண்டு முழுவதும் மணம் புரிந்து, முடிவில் அவர்கள் அனைவரையும் ஒரே திருவுருவாக்கித் தம் இடப்பக்கத்தில் ஏற்றுக்கொண்டார் என்பது அந்தக் கதை. பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டு, காலக்கணக்கு ஒன்றை மாத்திரம் கவனித்தாலும், 360 நிகழ்ச்சிகளை ஒன்றின் முடிவு மற்றொன்றின் தொடக்கமாகும்படி, இடையில் வெற்றிடமோ ஒன்றன்மேல் ஒன்று ஏறுதலோ இன்றி, ஒரே காலக்கோட்டின்மேல் கிரமமாக அடுக்கிய ஏற்பாடாக அது தோன்றும்.

இதே ஊரிலிருந்து பக்கிங்காம் கால்வாயைக் கடந்து வடமேற்கே சென்றால் சிறுசேரியின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்துவிடுகிறது. அங்கே கம்ப்யூட்டர் முன் அமர்ந்து வலைப்பக்கங்களை வடிவமைக்கும் இளைஞர்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் பிரச்சினைகளுள் ஒன்றும் இதே வகையைச் சேர்ந்ததுதான். நாட்களுக்குப் பதிலாக அவர்கள் விநாடியின் ஆயிரத்தில் ஒரு கூறைக் கொண்டு கணக்கிடுகிறார்கள் என்பது ஒன்றே வித்தியாசம். திரையில் அசையும் பல சித்திரங்களை ஒருமிக்க அசையச் செய்வது எப்படி என்பதே அந்தப் பிரச்சினை. பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்விஷயம், தவறான வழியில் தொடங்கியவரை எவ்வளவு தொல்லைப்படுத்தும் என்பதையும், நம் நாட்டு நட்டுவாங்கக் கலை நெடுங்காலமாகக் கையாண்டு வரும் முறையே அதற்கும் ஏற்றதாக இருப்பதையும் இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

அடியெண்ணி நடக்கும் முறை

பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கடற்கரைக் காட்சியைத் திரையில் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு விநாடிக்கு ஒருமுறை அலை எழுந்து தணிய வேண்டும். அந்த அலைமேல் நான்கு படகுகள் வரிசையாக ஏறி இறங்க வேண்டும். கம்ப்யூட்டர்த் திரை பொதுவாக விநாடிக்கு 60 முறை தன் படத்தைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஒவ்வொரு படமும், அதாவது ஒவ்வொரு பிரேமும், சுமார் 16.7 மில்லிவிநாடி மாத்திரமே நிலைத்திருக்கும். ஆகையால் பிரேமுக்குச் சிறிதளவாக அலையையும் படகையும் நகர்த்திக்கொண்டே போனால், காண்பவர் கண்ணுக்கு அது தொடர்ந்த சலனமாகத் தோன்றும்.

வலைப்பக்கங்களை இயக்கும் நிரல் மொழியாகிய ஜாவாஸ்கிரிப்டைப் புதிதாகப் பயின்றவர் இதைக் கேட்டவுடன் செய்வது என்னவென்றால், செட் டைம்அவுட் என்னும் கட்டளையைக் கொண்டு, "பதினாறு மில்லிவிநாடி கழித்து அலையை ஓரடி நகர்த்து, நகர்த்திய பின் மறுபடியும் பதினாறு மில்லிவிநாடி காத்திரு" என்று அலைக்கு ஒரு கட்டளையும், அதே மாதிரி ஒவ்வொரு படகுக்கும் ஒரு கட்டளையும் எழுதிவிடுவதுதான். ஐந்து பொருள்களும் தத்தம் அடிகளைத் தாமே எண்ணிக்கொண்டு புறப்படுகின்றன. முதல் சில விநாடிகள் யாவும் அழகாகவே இருக்கும். பிறகு படகு அலையைவிட்டு விலகத் தொடங்கும். ஒரு நிமிஷத்திற்குள் அலை தாழும்போது படகு உயரும் விபரீதம் நேர்ந்தாலும் நேரலாம்.

காரணத்தைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஒரு நிமிஷத்தில் 60,000 மில்லிவிநாடி. அதைப் பதினாறால் வகுத்தால் 3,750 அடிகள். பிரவுசர் வேறு வேலையில் ஈடுபட்டிருந்த காரணத்தால் ஒரு படகின் அடி ஒவ்வொன்றும் ஒரே ஒரு மில்லிவிநாடி தாமதித்ததென்று கொண்டால், 3,750 அடிகள் முடியும்போது அந்தத் தாமதம் திரண்டு 3.75 விநாடியாகிவிடும். அலையின் முழு ஆட்டமே நான்கு விநாடி என்பதை நினைத்தால், படகு ஏறக்குறைய ஓர் அலை முழுவதையும் தவறவிட்டு நிற்பது விளங்கும். அடியெண்ணி நடப்பவனிடம் உள்ள பெருங்குறை இது: அவன் செய்யும் பிழை எத்தனை சிறிதாயினும் கழிந்து போவதில்லை, அடுத்த அடியின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இதோடு இன்னும் இரண்டு இடையூறுகள் உண்டு. புதிய கைப்பேசிகளிற் பல விநாடிக்கு 120 முறை திரையைப் புதுப்பிக்கின்றன; பிரேமுக்கு இத்தனை அடி என்று எழுதிய சித்திரம் அவற்றில் இரட்டிப்பு வேகத்தில் ஓடும். பார்ப்பவர் வேறொரு பக்கத்துக்குத் தாவிவிட்டால், மறைந்திருக்கும் பக்கத்தின் கட்டளைகளை பிரவுசர் விநாடிக்கு ஒருமுறை என்ற அளவுக்குத் தாழ்த்திவிடும். அவர் திரும்பி வரும்போது ஒவ்வொரு பொருளும் ஒவ்வோரிடத்தில் விடப்பட்டிருக்கும்.

நட்டுவனாரின் நியாயம்

கிழக்குக் கடற்கரைச் சாலை தொடங்குகிற திருவான்மியூரில் அமைந்திருக்கும் நாட்டியப் பள்ளியாகிய கலாக்ஷேத்திரம், 1936இல் ருக்மிணி தேவி அருண்டேலினால் அடையாற்றில் நிறுவப்பட்டது. 1944இல் குற்றாலக் குறவஞ்சியையும், 1955இல் மைசூர் வாசுதேவாசாரியாரின் இசையமைப்போடு தொடங்கி ராமாயணத்தை ஆறு பகுதிகளாகவும் நாட்டிய நாடகமாக்கிய பெருமை அந்நிறுவனத்தைச் சேர்ந்தது. 2019ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதி மாலையில், இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலருகே அமர்ந்து கண்ட நிகழ்ச்சியிலும் அதன் கலைஞர்களே ஆடினார்கள். தனியொருத்தி ஆடுவதில் இல்லாத ஒரு சங்கடம், பலர் சேர்ந்தாடும் இத்தகைய நாட்டியத்தில் உண்டு. பத்துப் பேருடைய கையும் காலும் கண்ணும் ஒரே க்ஷணத்தில் ஒரே நிலைக்கு வந்து சேரவேண்டும்.

இதற்கு அவர்கள் கையாளும் உபாயம் யாது? பக்கத்தில் ஆடுகிறவளைப் பார்த்து ஆடும் பெண், எவ்வளவு கெட்டிக்காரியாயினும், அரைக்கணம் பிந்தியே ஆடுவாள். அவளைப் பார்த்து ஆடுகிறவள் இன்னும் அரைக்கணம் பிந்துவாள். வரிசையின் கோடியில் நிற்பவள் வேறொரு நாட்டியத்தையே ஆடிக்கொண்டிருப்பாள். ஆகவே முதற்பாடமாகவே, அண்டையில் இருப்பவளைப் பார்க்காதே, தாளத்தைக் கேள் என்று சொல்லிவிடுகிறார்கள். மேடையின் ஓரத்தில் நட்டுவனார் அமர்ந்திருக்கிறார்; அவர் கையில் ஒன்று இரும்பாலும் மற்றது வெண்கலத்தாலும் ஆன இரண்டு சிறு தாளங்கள்; அந்த ஓசை ஒன்றே அத்தனை பேருக்கும் பிரமாணம். ஒருத்தி ஓரடி தவறவிட்டாலும், தவறிய அடியை மறுபடி ஆடிக்கொண்டிராமல், இப்போது தாளம் எங்கே நிற்கிறதோ அங்கேயே போய்ச் சேர்ந்துகொள்வாள். பிழை அந்த ஓரடியோடு கழிந்துவிடும்.

திரைச் சித்திரங்களுக்கும் வழி இதுவேயாம். ஒவ்வொரு பொருளும், "நான் இதுவரை எத்தனை அடி நடந்தேன்?" என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல், "இப்போது மணி என்ன? இந்த மணிக்கு நான் இருக்கவேண்டிய இடம் எது?" என்று கேட்கவேண்டும். இப்போதைய காலத்திலிருந்து தொடங்கிய காலத்தைக் கழித்து, ஆட்டத்தின் நீளமாகிய நான்கு விநாடியால் வகுத்து, மீதியைக் கொண்டு அலையின் உயரத்தை நிர்ணயிப்பதென்றால், நடுவே பத்து பிரேம்கள் விழுந்துபோனாலும் பதினோராவது பிரேமில் அலை தன் உரிய ஸ்தானத்தில் நிற்கும். 120 முறை புதுப்பிக்கும் திரையிலும் வேகம் மாறாது. சலனம் இன்னும் மிருதுவாகத் தோன்றும், அவ்வளவுதான்.

பிரவுசர்களைச் செய்தவர்களும் இதை உணர்ந்து, ரிக்வெஸ்ட் அனிமேஷன் பிரேம் என்னும் ஏற்பாட்டை ஜாவாஸ்கிரிப்டுக்கு அளித்திருக்கிறார்கள். திரை அடுத்த படத்தை வரையப் போகும் தருணத்தில் அது நம்மை அழைக்கிறது. அழைக்கும்போது கையில் ஒரு காலமுத்திரையையும் கொடுக்கிறது. அதன் விசேஷம் யாதெனில், ஒரே பிரேமில் ஐந்து பொருள்கள் அழைக்கப்பட்டால் ஐந்துக்கும் ஒரே காலமுத்திரைதான் கிடைக்கும். முதற்பொருளின் கணக்கை முடிக்க இரண்டு மில்லிவிநாடி செலவாகியிருந்தாலும், ஐந்தாவது பொருளுக்கு அந்த இரண்டு கூட்டிச் சொல்லப்படுவதில்லை. அந்த பிரேமைப் பொறுத்தவரை நட்டுவனாரின் தட்டு ஒன்றே.

எடுப்பும் காலமும்

ஒரே கடிகாரம் என்றால் எல்லாம் ஒரே மாதிரி அசையவேண்டும் என்று பொருளல்ல. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களும் சதுசிர நடையில் முப்பத்திரண்டு மாத்திரைகளாக விரிய, அந்த ஒரே ஆவர்த்தத்திற்குள் முதற்காலத்தில் ஒருமுறை ஆடும் அடவை இரண்டாங்காலத்தில் இருமுறையும், மூன்றாங்காலத்தில் நான்கு முறையும் ஆடிவிடுகிறார்கள். தாளம் மாறவில்லை, ஆடும் வேகம் மாத்திரம் பெருகியது. வலைப்பக்கத்தின் அனிமேஷன் ஒவ்வொன்றுக்கும் பிளேபேக் ரேட் என்று ஓர் எண் இருப்பது இந்தக் காரியத்துக்காகவே. அதை இரண்டாக்கினால் இரண்டாங்காலம், நான்காக்கினால் மூன்றாங்காலம்.

இவ்வாறே எடுப்பிலும் ஒற்றுமை காணலாம். தாளமும் பாட்டும் கூடவே தொடங்குவது சமம். தாளம் முந்திப் போய்ப் பாட்டு சற்றுப் பொறுத்து எழுவது அநாகதம். பாட்டு முந்தித் தொடங்கித் தாளம் பின்னே வந்து சேர்வது அதீதம் என்று சங்கீத சாஸ்திரம் வகுத்திருக்கிறது. நம் நான்கு படகுகளும் ஒரு விநாடி இடைவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக உயரவேண்டும் என்றால், அவற்றுக்குச் சுழியம், ஒன்று, இரண்டு, மூன்று விநாடி எனத் தாமதம் கொடுப்பதே யாருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் பக்கம் திறந்த முதல் மூன்று விநாடியும் கடைசிப் படகு, அலை அடித்தும் அசையாமல், கட்டிப்போட்டதுபோல் நிற்கும். சி.எஸ்.எஸ். என்னும் அலங்கார மொழி, தாமதத்தைக் கழித்தல் குறியோடு கொடுக்கவும் இடம் தருகிறது. கழித்தல் மூன்று விநாடி என்று எழுதினால், மூன்று விநாடிக்கு முன்னமே தொடங்கிவிட்டதைப்போல, படகு முதற்கணத்திலேயே தன் ஆட்டத்தின் நடுவிலிருந்து புறப்படும். இதை அதீத எடுப்பு என்று நம் வித்வான்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

வெவ்வேறு நீளமுள்ள ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டும்போது இன்னொரு கணக்கும் உதவும். மூன்றிலும் நான்கிலும் ஓடும் சொற்கட்டுகள் பன்னிரண்டில் சந்திக்கும் என்று தெரிந்துதான், முடிவுக் கோவையாகிய தீர்மானத்தை நட்டுவனார்கள் தாளத்தின் தொடக்கமாகிய சமத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள். அலைக்கு நான்கு விநாடியும், கரையிலிருக்கும் விளக்குக்கு ஆறு விநாடியும், மேகத்துக்குப் பன்னிரண்டு விநாடியும் கொடுத்தால், பன்னிரண்டு விநாடிக்கு ஒருமுறை யாவும் தொடங்கிய நிலைக்கே திரும்பும். ஐந்தும் ஏழும் ஒன்பதுமாகக் கொடுத்தால் 315 விநாடி காத்திருக்கவேண்டும். இயற்கையின் ஒழுங்கின்மையைக் காட்ட விரும்புகிறவர் பின்னதையும், கட்டுக்கோப்பை விரும்புகிறவர் முன்னதையும் தேர்ந்துகொள்வார்.

காகிதக் கட்டத்திலிருந்து காலக்கோடு வரை

இந்தக் காலக்கணக்கு கம்ப்யூட்டரோடு பிறந்ததன்று. கார்ட்டூன் படம் எடுத்தவர்கள், விநாடிக்கு 24 பிரேம் என்ற கணக்கில், பிரேமுக்கு ஒரு வரியும் சித்திரத்துக்கு ஒரு பத்தியுமாகக் கட்டங்கள் இட்ட நீண்ட தாள்களில், எந்தப் படம் எந்தக் கணத்தில் வரவேண்டும் என்பதை முன்கூட்டியே குறித்துவைத்தார்கள். ஏவி.எம். நிறுவனம் 1989இல் வெளியிட்ட ராஜா சின்ன ரோஜா படத்தில், ரஜினிகாந்தும் குழந்தைகளும் கார்ட்டூன் விலங்குகளோடு சேர்ந்து தோன்றும் பாட்டைப் பார்த்து வியந்தவர்கள் பலர். பாட்டை முதலில் ஒலிப்பதிவு செய்துகொண்டு, அதற்கேற்ப நடிகரை ஆடவைப்பது தமிழ்ப்பட உலகின் நெடுநாள் வழக்கம். அந்தப் பாட்டின் காலமே மனிதருக்கும் சித்திரத்துக்கும் பொதுப் பிரமாணமாயிற்று.

வலைப்பக்கங்களுக்கு இம்முறையை முதலில் பரவலாகக் கொண்டுவந்தது ஃபிளாஷ். 1996இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் தோன்றி, அதே ஆண்டின் இறுதியில் மேக்ரோமீடியா நிறுவனத்தின் வசமாகிப் பெயர் சுருங்கிய அந்தச் சாதனத்தில், திரையின் மேற்புறம் பிரேம்களை வரிசையாகக் காட்டும் டைம்லைன் ஒன்று இருந்தது. சித்திரத்தின் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வரிசை. எல்லா வரிசைகளையும் ஊடுருவி நிற்கும் ஒரு சிவப்புக் கோடு. கோட்டைக் கையால் இழுத்தால் எல்லாப் பொருள்களும் அந்தக் கணத்துக்குரிய நிலைக்கு வந்து நிற்கும். 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃபிளாஷ் கைவிடப்பட்டதெனினும், அந்தக் காலக்கோடு கைவிடப்படவில்லை.

1998ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட ஸ்மில் என்னும் மொழி, காலத்தை இரண்டே கட்டுகளால் அமைத்துக்காட்டியது. ஒன்று முடிந்தபின் ஒன்றாக நிகழ்பவை ஒரு கட்டு. ஏககாலத்தில் நிகழ்பவை மற்றொரு கட்டு. திருவிடந்தைக் கதையின் 360 கல்யாணங்கள் முதற்கட்டைச் சேர்ந்தவை. ஒவ்வொரு கல்யாணத்திலும் கூடவே முழங்கும் நாதஸ்வரமும் தவிலும் இரண்டாவதைச் சேர்ந்தவை. எத்தனை சிக்கலான காட்சியையும் இவ்விரண்டையும் ஒன்றினுள் ஒன்றாக வைத்துக் கட்டிவிடலாம். 2001இல் வெளிவந்த எஸ்.வி.ஜி. சித்திரங்கள் இந்த முறையை ஏற்றுக்கொண்டன. "அந்தப் பொருளின் ஆட்டம் முடிந்த அரை விநாடியில் இதைத் தொடங்கு" என்று அவற்றில் நேராகவே எழுதலாம். ஃபிளாஷுக்காகத் தோன்றிப் பின்னர் ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்துசேர்ந்த ஜிசாப் என்னும் நிரல் தொகுப்பும், பல ஆட்டங்களை ஒரு டைம்லைனில் கோத்து, முன்னதன் முடிவுக்கு அரை விநாடி முந்தியோ பிந்தியோ அடுத்ததை வைக்கும் வசதியை அளிக்கிறது. நடுவில் ஒரு நிகழ்ச்சியை நீட்டினால், பின்னுள்ளவை யாவும் தாமே நகர்ந்துகொள்ளும். தனித்தனியே தாமதங்களை எழுதிவைத்தவர் ஒரு திருத்தத்துக்காக இருபது எண்களை மாற்றவேண்டியிருக்கும்.

சி.எஸ்.எஸ். மொழியில் மாத்திரம் அனிமேஷன் எழுதுகிறவர்களுக்கு நேரும் ஒரு சங்கடத்தையும், அதன் பரிகாரத்தையும் இங்கே சொல்லவேண்டும். ஒரு பட்டியலில் மூன்று சிறு விளக்குகள் ஒரே சமயத்தில் கண்சிமிட்டிக்கொண்டிருக்கின்றன. சிறிது நேரம் சென்று நாலாவது விளக்கு ஒன்று புதிதாக வந்து சேருகிறது. அதன் ஆட்டம் அது வந்த கணத்திலிருந்தே கணக்கிடப்படுமாதலால், மூன்றும் அணையும்போது அது எரியும். காண்பதற்கு அருவருப்பாக இருக்கும். இன்றைய பிரவுசர்களில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பொதுவான ஒரு டைம்லைன் உண்டு. ஒவ்வோர் அனிமேஷனுக்கும் அந்த டைம்லைனில் தான் தொடங்கிய தருணத்தைக் குறிக்கும் ஸ்டார்ட் டைம் என்ற எண்ணும் உண்டு. பக்கத்தில் ஓடும் அனிமேஷன்களையெல்லாம் ஜாவாஸ்கிரிப்டினால் வரவழைத்து, அவற்றின் ஸ்டார்ட் டைமைச் சுழியம் என்று மாற்றிவிட்டால், நான்கு விளக்குகளும் அந்தக் கணமே ஒன்றுபட்டுச் சிமிட்டத் தொடங்கும். இரண்டே வரிகளில் முடியும் வேலை இது.

காதுக்கு முதலிடம்

சித்திரத்தோடு ஒலியும் சேருமானால் கடிகாரம் யாருடையதாக இருக்கவேண்டும் என்ற கேள்வி எழும். ஒரு பிரேம் விழுந்துபோனால் கண் பெரும்பாலும் மன்னித்துவிடும். ஒலியில் அதே அளவு அறுந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். வாயசைவுக்கும் குரலுக்கும் இடையிலுள்ள பிசகைப் பற்றி அகில உலகத் தொலைத்தொடர்புச் சங்கம் வகுத்த அளவு, குரல் 45 மில்லிவிநாடி முந்தினாலே தெரிந்துவிடும் என்றும், 125 மில்லிவிநாடி பிந்தும் வரையில் தெரியாது என்றும் கூறுகிறது. கண்முன் நிகழும் செயலின் ஓசை சிறிது பிந்தி வருவது உலக இயற்கை. முந்தி வருவதோ நாம் காணாதது. ஆகையினால் பிரவுசரின் ஒலிக் கருவி காட்டும் காலத்தையே ஆதாரமாகக் கொண்டு, சித்திரத்தை அதற்கேற்ப நகர்த்துவது உத்தமமான முறை. நாட்டிய மேடையிலும் தாள ஓசைக்குக் கால் கட்டுப்படுகிறதேயன்றி, காலுக்கு ஓசை கட்டுப்படுவதில்லை.

காலக்கோட்டை ஓட்டுவது எப்போதும் கடிகாரமாகத்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. 2023 முதல் சில பிரவுசர்களில், பக்கத்தை விரலால் மேலே தள்ளும் அளவையே காலமாகக் கொள்ளும் டைம்லைன் வந்திருக்கிறது. வாசகர் தள்ளத் தள்ளச் சூரியன் எழுகிறான், நிறுத்தினால் நிற்கிறான், இறக்கினால் கடலுக்குள் திரும்புகிறான். திரையைவிட்டு வானத்துக்குப் போனாலும் முறை ஒன்றுதான். 2022ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் தேதி டில்லியில் பாசறை திரும்பும் விழாவின்போது ஆயிரம் டிரோன்கள் ஒளிக்கோலமிட்டன. இத்தகைய காட்சிகளில் ஒவ்வொரு டிரோனும் எந்தக் கணத்தில் எங்கே இருக்கவேண்டும் என்ற அட்டவணையைத் தன்னிடமே கொண்டு, பொதுக் காலத்தோடு அதை ஒப்பிட்டுப் பறக்கிறது.

ஒரே காலத்துக்குக் கட்டுப்படுத்துவதனால் விளையும் நன்மைகளுள் அதிகம் பேசப்படாத ஒன்று, நிறுத்துவதில் உள்ள எளிமை. அடியெண்ணி ஓடும் இருபது சித்திரங்களை நிறுத்த இருபது இடங்களில் கைவைக்கவேண்டும். டைம்லைனில் கட்டியவற்றை ஒரே கட்டளையால் நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம், விரும்பிய கணத்துக்குக் கொண்டுபோகலாம். இது எழுதுகிறவரின் சௌகரியம் மாத்திரமன்று. திரையில் பல பொருள்கள் அசைவதைக் கண்டால் தலைசுற்றலும் குமட்டலும் வருகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சலனத்தைக் குறைத்துக்கொள்ளத் தங்கள் கைப்பேசியிலேயே அவர்கள் குறித்துவைக்கலாம். அந்தக் குறிப்பை வலைப்பக்கம் படித்தறியவும் முடியும். படித்தறிந்தும் பல பக்கங்கள் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. காலக்கோட்டை ஒழுங்காகக் கட்டியவருக்கோ அது ஒரு வரி வேலை. ஆகவே சித்திரங்களை ஆட்டிவைக்கப் புறப்படுகிறவர்கள், எப்படித் தொடங்குவது என்று யோசிக்கும் அன்றைக்கே அந்த ஒரு வரியையும் எழுதிவிடுவது நல்லது.